தபால்காரி யெல்காவின் முந்நூறு மீட்டர்

யெல்காவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் தேடினால், எங்கள் ராவ்னே ஊரில் கடைசியாகத்தான் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஆனால் அவளை என் அளவுக்கு உற்றுப் பார்த்தவன் இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாரும் கிடையாது. ஆறு வருஷம் பார்த்தேன். மில்லில் அடுக்கிவைத்த பலகைகளின் மேல் ஏறி, இரட்டைக்கண் தொலைநோக்கி வைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆசையால் அல்ல, வயிற்றெரிச்சலால். அதனால் அவள் கதையை நான் சொல்வதுதான் சரி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் ராஃப்கோ. மரம் அறுக்கும் மில்லில் ரம்பங்களுக்குக் கூர் பிடிப்பது என் வேலை. அது சோறு போடும் வேலை. மரியாதை வாங்கித் தந்தது வேறு ஒன்று. எங்கள் வேட்டைச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருஷம் நான்தான் குறிப் பொறுப்பாளர். ஆகஸ்ட் முதல் தேதி மலையாட்டு வேட்டை தொடங்குவதற்கு முன்னால், சங்கத்தில் உள்ள அத்தனை துப்பாக்கியும் பழைய கல்குவாரிக்கு வந்தாக வேண்டும். நூறு மீட்டரில் மூன்று குண்டு. அவை எங்கே படுகின்றன என்று பார்த்து, குறிபார்க்கும் குழாயான ஸ்கோப்பின் திருகைத் திருப்பிச் சரிசெய்து, அவரவர் வேட்டைப் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து இல்லாமல் ஒருவனும் அந்த வருஷம் துப்பாக்கியோடு காட்டில் கால் வைக்க முடியாது. மேசை, மணல்பை, பெரிய தொலைநோக்கி எல்லாம் இருக்கும் குவாரிக் கொட்டகையின் சாவி என் பெல்ட்டில் தொங்கும். ஜூலை மாதம் நான் கடைத்தெருவில் நடந்தால் சாவி சத்தம் கேட்டே ஆட்கள் திரும்புவார்கள்.

துப்பாக்கியோடு ஒரு சலாமியோ, ஒரு பாட்டில் பேரிக்காய்ச் சாராயமோ வரும். நான் கேட்டதில்லை. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். நூறு மீட்டரில் குண்டு நட்டநடுவில் படக் கூடாது. நாலு சென்டிமீட்டர் மேலே பட வேண்டும். அப்படி வைத்துவிட்டால் இருநூறு மீட்டர் வரைக்கும் யோசிக்காமல் நேராகக் குறிவைக்கலாம், ஆடு விழும். பள்ளத்தாக்கு முழுக்க எல்லாத் துப்பாக்கியும் நாலுதான். நான் வைத்த நாலு.

யெல்கா எங்கள் தபால்காரி. பத்தொன்பது வயதில் பையைத் தோளில் மாட்டியவள். முதலில் நடை, பிறகு மஞ்சள் மொபெட். மேல்வீடுகள், கீழ்வீடுகள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடக்கும் பண்ணைகள் என்று இருநூற்றுப் பதினாலு கதவு. ஆள் குள்ளம், அகலம். மழைக்கோட்டு மாட்டினால் நடக்கும் கூடாரம் மாதிரி இருப்பாள். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவனுக்கு மலைமேலுள்ள அவள் வீட்டில் குடியிருக்க மனசில்லை. இன்னொருவனிடம் மொபெட்டை விட்டுவிட மாட்டேன் என்று இவள் சொல்லிவிட்டாளாம். மெனக்கெட்டு யாருடனும் பேச மாட்டாள். பேசினாலும் கடிதம் மாதிரிதான், முகவரியும் விஷயமும் இருக்கும், நலம் விசாரிப்பு இருக்காது.

அவள் வேட்டைக்கு வந்ததே காட்டுப்பன்றியால். இரண்டு வருஷம் தொடர்ந்து அவளுடைய உருளைக்கிழங்குப் பாத்தியைப் பன்றிகள் உழுதுவிட்டுப் போயின. சங்கத்தில் புகார் கொடுத்தாள். சங்கத் தலைவர் போக்தான் ஒரு படிவத்தோடு போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். மறு வருஷம் பன்றிகளும் வந்தன, போக்தானும் வந்தார், அதே படிவம்.

"பன்னி வருஷத்துக்கு நாலு தடவை வருது, நீங்க ஒரு தடவைதான் வர்றீங்க. நானே கத்துக்கறேன், விடுங்க" என்றாளாம்.

நாற்பத்தொரு வயதில் ஒரு வருஷம் பயிற்சி, பிறகு பரீட்சை. எல்லாவற்றிலும் தேறி சங்கத்தில் சேர்ந்தாள். சங்கத்துக்குள் வந்துவிட்டால் யாருக்கும் யாரும் 'நீங்க' கிடையாது, எல்லாரும் 'நீ'. இருபது வருஷத்துக்கு மேலாக என் வாசலில் நின்று "ஐயா, ரிஜிஸ்டர் தபால், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றவள், அன்று சாயந்திரம் சங்கக் குடிலில் என் கோப்பையில் கோப்பையை இடித்து, "ராஃப்கோ, நாளைக்கு என் துப்பாக்கியைப் பாரு" என்றாள். வழக்கம்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் கொண்டுவந்தாள். பழைய துப்பாக்கி, ஆனால் அதன் மேல் புது ஸ்கோப். தலையில் எண்கள் போட்ட பெரிய குமிழ் ஒன்று அதில் இருந்தது. ஒரு கிளிக் திருப்பினால் நூறு மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் நகரும். முந்நூறில் மூன்று. அந்த மாதிரிக் குமிழ் ராணுவக்காரர்களுக்கு என்று நான் நினைத்திருந்த காலம். மூன்று குண்டு சுட்டேன், நாலு மேலே வைத்தேன், கையெழுத்துப் போட்டேன்.

"ஏன் நாலு?" என்று கேட்டாள்.

"ஏன்னா நாலு."

"நடுவுல வச்சா என்ன ஆகும்?"

"சிரிப்பாங்க."

சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமை அவளே குவாரிக்குப் போய், தன் மணல்பையை வைத்துச் சுட்டு, என் நாலை எடுத்துவிட்டு நடுவில் வைத்துவிட்டாள். இதை எனக்குச் சொன்னது என் மச்சினன் சீரில். சொன்னதோடு நிறுத்தவில்லை.

"மச்சான், பதிமூணு வருஷத்துல உன் கையெழுத்துக்கு மேல கையை வச்ச ஒரே ஆளு அவதான்" என்று சிரித்தான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? வயிறு எரிந்தது, வெளியே சொல்ல முடியவில்லை. ஒரு துப்பாக்கிக்காரன் தன் குறியைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

அதற்குப் பிறகுதான் அவளுடைய சனிக்கிழமைகள் தொடங்கின. தபால் முடித்துவிட்டு நாலு மணிக்குக் குவாரிக்குப் போவாள். நூறு மீட்டரில் ஒரு குண்டு. ஒன்றே ஒன்று. பிறகு கொழுப்புத் தடவிய ரொட்டியை எடுத்துச் சாப்பிடுவாள். குழல் முழுசாக ஆறும் வரைக்கும் துப்பாக்கியைத் தொட மாட்டாள். இருபது நிமிஷம் கழித்து இருநூறில் ஒன்று. மறுபடியும் ஒரு ஆப்பிள். அப்புறம் இருநூற்றைம்பது, கடைசியில் முந்நூறு. நாலே குண்டு, ஒன்றரை மணி நேரம். நோட்டில் காற்று எந்தப் பக்கம், வெயிலா மேகமா, குண்டு எங்கே பட்டது என்று எழுதுவாள். இதையெல்லாம் நான் பலகை அடுக்கின் மேலிருந்து பார்த்தேன்.

ராவ்னேயில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் ஊரே எண்ணும். குவாரிச் சுவர் அதை எடுத்து எல்லா வீட்டுச் சமையலறைக்குள்ளும் போட்டுவிடும். முதலில் கேலி பண்ணினார்கள். "தபால்காரி ஒவ்வொரு கடுதாசியா டெலிவரி பண்றா" என்று குடிலில் ஒரே சிரிப்பு. அதிகமாகச் சிரித்தது நான்தான். அவள் ஒரு நாள் போக்தானிடம் சொன்னாள், "மலையாடு என்னை ரெண்டாவது குண்டு சுட விடாது. ஆறின குழல்ல முதல் குண்டு எங்க போகுதுன்னு தெரிஞ்சாப் போதும். மத்ததைத் தெரிஞ்சு நான் என்ன பண்ண?"

போக்தான் அதைக் குடிலில் திருப்பிச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் அது சரி. நான் இத்தனை வருஷமாக மூன்று குண்டைப் படபடவென்று சுட்டுப் பார்த்துத்தான் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொருவராக அவள் பக்கம் சாயத் தொடங்கினார்கள். என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, திருட்டுத்தனமாக அவளிடம் போய்த் திருத்திக்கொள்வது. முதலில் போனவன் யார் தெரியுமா? சீரில். என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. சலாமிகள் மலையேறி மேல்வீட்டுக்குப் போயின. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சாராயம் கடையில் வாங்க வேண்டியதாயிற்று.

"என்ன மனுஷா, இந்தத் தடவை பேரிக்காய் மரமெல்லாம் காய்க்கலையா?" என்றாள் என் மனைவி ஸ்லாவ்கா. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"உன் தம்பியைக் கேளு."

"அவன்தான் சொன்னான். யெல்காகிட்ட போன பிறகு இருநூத்தி இருபதுல ஒரே குண்டுல ஆடு விழுந்துச்சாம். நீயும் ஒரு நடை போய்ப் பாரேன்."

அன்று நான் களியைத் தொடாமல் எழுந்து போனேன். நடு வயசுக்காரன், முப்பது வருஷம் வேட்டையாடியவன், ஒரு தபால்காரியிடம் போய்க் குறி கேட்பதா? கேட்டால் என் பெல்ட்டில் அந்தச் சாவி எதற்கு?

எல்லையைத் தாண்டிப் போய் நானும் ஒரு ஸ்கோப் வாங்கினேன். அவளுடையதைப் போலவே எண் போட்ட குமிழ். மில் முதலாளி கொடுத்தது என்று வீட்டில் புளுகினேன். துப்பாக்கியில் பொருத்தி, நூறு மீட்டரில் வழக்கம்போல நாலு மேலே வைத்தேன். பிறகு முந்நூறில் பழக வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எப்படிப் பழகுவது? குவாரியில் ஒரு வெடி வெடித்தால் ஊரே எண்ணும் என்று சொன்னேன் இல்லையா? சனிக்கிழமை நாலு மணி என்றால் யெல்கா என்று எல்லாருக்கும் தெரியும். புதன்கிழமை ஒரு வெடி கேட்டால், "யாருப்பா அது? ராஃப்கோவா? பழகுறானா?" என்பார்கள். ஊருக்கே குறி வைத்துக் கொடுக்கிறவன் பழகுகிறான் என்று பெயர் வருவதைவிடப் பழகாமலே இருக்கலாம் என்று தோன்றியது. நான் அப்படிப்பட்ட ஆள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

மே மாதம் சங்கக் கூட்டம். குறிப் பொறுப்பில் என் பதவிக்காலம் முடிகிறது. எப்போதும் யாராவது "ராஃப்கோவே இருக்கட்டும்" என்பார்கள், எல்லாரும் கை தூக்குவார்கள், சூப் வந்துவிடும். இந்த முறை சீரில் எழுந்தான்.

"யெல்காவைப் போடலாமே?" என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

யெல்கா நிமிர்ந்து, "எனக்கா? எதுக்கு?" என்றாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். பாதிப் பேர் அவள் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். சத்தம் ஏறியது. போக்தான் மேசையைத் தட்டி, "சண்டை போடாதீங்கப்பா. குவாரியே தீர்ப்பு சொல்லட்டும். ஜூன் முதல் ஞாயித்துக்கிழமை, முந்நூறு மீட்டர், பதினஞ்சு சென்டி அகலத்துல ஒரு சின்னத் தட்டு, ஆளுக்கு மூணு குண்டு. தட்டுல அதிகமா அடிக்கிறவங்க கையில சாவி" என்றார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் சூப்புக்குப் போனார்கள். நான் குடிலின் வாசல்நடையில் துப்பாக்கிகள் சாய்த்து வைத்திருந்த இடத்தில் நின்றேன். யெல்காவின் துப்பாக்கிக் கட்டையில், கன்னம் படும் இடத்துக்குக் கீழே, ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. 'உங்களுக்குப் பார்சல் வந்துள்ளது' என்று கதவில் செருகிவிட்டுப் போவாளே, அந்த மஞ்சள் சீட்டில் கிழித்தது. இருநூறு, நாலு கிளிக். இருநூற்றைம்பது, எட்டு. முந்நூறு, பன்னிரண்டு.

அவள் சுடுவதும் நான் சுடுவதும் ஒரே தோட்டா, சங்கமே மொத்தமாக வாங்குவது. துப்பாக்கியும் ஒரே வகை. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, சலாமி சுற்றிய காகிதத்தில் அந்த எண்களை எழுதிக்கொண்டேன். திரும்பி வந்து இரண்டு தட்டு சூப் குடித்தேன். ஆறு வருஷத்தில் எனக்கு அவ்வளவு நன்றாகப் பசித்ததில்லை.

ஜூன் முதல் ஞாயிறு காற்றே இல்லை. நாற்பது பேருக்கு மேல் குவாரிக்கு வந்திருந்தார்கள், வேட்டைக்காரர்களோடு பெண்டாட்டிமார்களும். ஸ்லாவ்கா வால்நட் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். யாருக்காக என்று கேட்டால் பொதுவாக என்றாள். குவாரியின் மூன்றாவது அடுக்கில் வெள்ளை அட்டை, அதன் நடுவில் கறுப்பாக ஒரு தட்டளவு வட்டம். நான் முதலில் சுடுவது என்று முடிவாயிற்று. பெரிய தொலைநோக்கியில் குறி பார்த்துச் சொல்ல வேறு யாருக்கும் பழக்கமில்லை, அதனால் யெல்காவே உட்கார்ந்தாள்.

துப்பாக்கியை மணல்பையில் வைத்தேன். குமிழைப் பிடித்து மனசுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு கிளிக். மூச்சை விட்டேன், விசையை அழுத்தினேன். தோளில் உதை வந்தபோதே தெரிந்தது, சுத்தமான குண்டு. அவளைப் போலவே குழல் ஆறட்டும் என்று காத்திருந்தேன். அதையும் அவளிடமிருந்துதான் எடுத்தேன், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. இரண்டாவது. மூன்றாவது. மூன்றும் மனசுக்குத் திருப்தியாக விழுந்தன. எழுந்து நின்று பெல்ட்டைச் சரிசெய்தேன். சாவி சத்தம் போட்டது.

"சொல்லு யெல்கா" என்றார் போக்தான்.

அவள் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தாள். "மூணும் ஒரே இடம். ஒரு உள்ளங்கையால மூடிடலாம். இவ்வளவு நெருக்கமா நான் அடிச்சதில்ல."

"தட்டுல?"

"தட்டுக்கு மேல. நடுவுலேர்ந்து பன்னெண்டு சென்டி உயரம். மூணுமே வெளியில."

அவள் கண்ணை எடுத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கணத்தில் எனக்கே புரிந்துவிட்டது. அவள் எண்கள் எல்லாம் நடுவில் வைத்த துப்பாக்கிக்கு உரியவை. என்னுடையது ஏற்கெனவே நாலு மேலே நிற்கிறது. அதன் மேல் அவளுடைய பன்னிரண்டையும் ஏற்றினால் நாலு கிளிக் அதிகம். முந்நூறில் ஒரு கிளிக்குக்கு மூன்று சென்டிமீட்டர். நாலு மூணு பன்னிரண்டு. ஊருக்கே நாலு வைத்துக் கொடுத்த எனக்கு, சீட்டைத் திருடும்போது அந்த நாலு மறந்துபோயிற்று. மில்லில் எடுபிடி வேலை பார்க்கிறவன்கூடப் போட்டுவிடும் கணக்கு. அவளும் போட்டுவிட்டாள், அது அவள் முகத்தில் தெரிந்தது. இப்போது சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். நாற்பது பேருக்கு முன்னால், என் மனைவிக்கு முன்னால்.

அவளோ தொலைநோக்கியை ஒதுக்கினாள். "நாலு கிளிக் குறைச்சுட்டு இன்னொரு தடவை சுடட்டுமே. சின்ன விஷயம்தான்" என்றாள் போக்தானிடம்.

"மூணுன்னா மூணுதான்" என்றார் போக்தான்.

பிறகு அவள் படுத்துச் சுட்டாள். இரண்டு தட்டின் விளிம்பில், ஒன்று நடுவுக்குப் பக்கத்தில். என்னுடையதைப்போல நெருக்கமில்லை. ஆனால் மூன்றும் தட்டில். எல்லாரும் கைதட்டினார்கள், சீரில் விசில் அடித்தான். நான் சாவியை அவிழ்த்துப் போக்தான் கையில் கொடுத்தேன், அவள் கையில் கொடுக்கவில்லை. பத்தொன்பது வருஷம் அந்தச் சாவி உரசிய இடத்தில் பெல்ட்டின் தோல் வழவழவென்று தேய்ந்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் ஸ்லாவ்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதுவும் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் மொபெட் மில் வாசலில் நின்றது. மின்சார பில். கையெழுத்து வேண்டாத தபால்தான், பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் இறங்கி உள்ளே வந்தாள்.

"நாலைக் கழிச்சிருக்கணும்" என்றாள்.

"எதுல?"

"சீட்டுல."

நான் ரம்பத்தைக் கூர் பிடித்துக்கொண்டே இருந்தேன். பொறி பறந்தது. அவள் இயந்திரம் நிற்கும் வரை காத்திருந்தாள்.

"எனக்கு எதுக்கு ராஃப்கோ சீட்டு? இருநூத்திப் பதினாலு வீட்டு நாய் பேரு எனக்கு மனப்பாடம், மூணு நம்பர் தெரியாதா? நீ புது ஸ்கோப் வாங்கினது உன் துப்பாக்கியைப் பார்த்ததும் தெரிஞ்சுது. ஆனா குவாரியில உன் வெடிச் சத்தமே கேக்கல. என்கிட்ட கேக்க நீ கூச்சப்படுறேன்னு நினைச்சேன். அதான் எழுதி, கண்ணுல படற மாதிரி ஒட்டி வச்சேன். உன் நாலு உனக்கு மறக்குமா, நீயே கழிச்சுக்குவேன்னு இருந்துட்டேன். தப்பு என் மேல. அதையும் சேர்த்து எழுதியிருக்கணும்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. திருடினேன் என்று நினைத்தது திருட்டே இல்லை. அவள் போட்டுவிட்டுப் போன பிச்சை.

"நேத்து எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லல?" என்றேன்.

"எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்டாள். நிஜமாகவே புரியாமல் கேட்டாள். பில்லைப் பலகை மேல் வைத்துவிட்டு, "பார்வை நல்லாயிருக்கட்டும்" என்று எங்கள் வேட்டைக்காரர்கள் சொல்லிப் பிரிவதைச் சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினாள்.

அன்று சாயந்திரமே குவாரிக்குப் போனேன். இனி எனக்கு என்ன வெட்கம்? சாவி போன பிறகு சத்தத்துக்குப் பயப்படுவானேன். நாலு கிளிக் இறக்கி நடுவில் வைத்தேன். முந்நூறில் ஒரு குண்டு. ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியட்டும். புதன், வெள்ளி, ஞாயிறு என்று வாரத்துக்கு மூன்று நாள். அவள் நாலு குண்டு என்றால் நான் ஆறு. மழையிலும் போனேன். ஈரக்காற்றில் குண்டு எங்கே போகிறது, உச்சி வெயிலில் கானல் ஆடும்போது வட்டம் எப்படி மேலே எழும்புவதுபோல் தெரிகிறது, எல்லாவற்றையும் எழுதினேன். சொல்லப்போனால் முப்பது வருஷத்தில் அந்த ஏழு வாரத்தில்தான் நான் சுடக் கற்றேன். வேட்டைக்காக அல்ல, ஆட்டுக்காகவும் அல்ல. ஒரே ஒரு தடவை அவள் முகத்தில் பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆறு வருஷமாக என் வயிற்றில் கிடந்த நெருப்பில் ஒரு துளியாவது அவள் வயிற்றிலும் விழ வேண்டும்.

ஜூலை கடைசி ஞாயிறு, துப்பாக்கி பார்க்கும் நாள். அவள் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. கடைசி ஆளாக நான். சீரில் எனக்கு முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

என் முறை வந்தது. மூன்று குண்டு நூறு மீட்டரில். தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "நடுவுல இருக்கு. நடுன்னு எழுதவா, இல்ல நாலுன்னே எழுதவா? புத்தகம் யாரு பார்க்கப் போறாங்க" என்றாள்.

"நடுன்னே எழுது" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

சீரில் வாயைப் பிளந்தான். "மச்சான், உன் நாலு எங்க போச்சு?"

"போச்சு. முந்நூறுல தட்டு வையுங்கடா" என்றேன்.

விதிப்படி அது தேவையில்லை. ஆனாலும் போக்தான் தலையாட்டினார். போய் அட்டையைக் கட்டினார்கள். ஒரு குண்டு சுட்டேன், உட்கார்ந்து காத்திருந்தேன். ஸ்லாவ்கா கொடுத்தனுப்பிய ரொட்டியைத் தின்றேன். இரண்டாவது. மறுபடியும் காத்திருந்தேன். ஒருவரும் கிளம்பவில்லை. மூன்றாவது.

யெல்கா குனிந்து பார்த்தாள். நான் குறியைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கன்னம், உதடு, புருவம், எல்லாவற்றையும் முந்நூறு மீட்டரில் ஒரு புள்ளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"மூணும் தட்டோட நட்டநடுவுல. ஒரு காப்பிக் கோப்பைக்குள்ள அடங்கிடும்" என்றாள் அவள் சத்தமாக. பிறகு நிமிர்ந்தாள். "இந்தச் சங்கத்துல இப்படி யாரும் அடிச்சதில்ல. நானும்தான்."

ஆட்கள் கைதட்டினார்கள். சீரில் என் முதுகில் அடித்தான். நான் அவள் முகத்தில் தேடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டுமல்ல, முகம் முழுக்க. பல வருஷமாக வராத ஒரு கடிதம் வந்து சேர்ந்ததும், அதைக் கொடுக்க மலையேறி வந்தவள் முகத்தில் எப்படி இருக்குமோ அப்படி. சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை. ஒரு துளிகூட இல்லை.

புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள். வரிசையில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.